ரிப்போர்ட் வரும்வரை தீட்டு

ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் கையை நீட்டி என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

"கிட்ட வராத புள்ள. ஒடம்புல மருந்து ஏத்தியிருக்காங்க."

பின்னாலேயே வந்த நர்ஸ் சிங்களத்தில் விளக்கிச் சொன்னாள். எலும்பைப் படம் பிடிக்க ஊசியில் ஏற்றிய மருந்து கொஞ்ச நேரம் உடம்பில் இருக்கும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். நாளை வரைக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கிட்டப் போக வேண்டாம். அவ்வளவுதான். "அக்காவுக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாமல் பக்கத்தில் உட்காருங்கள்" என்று சொல்லிச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. வராந்தாவின் கடைசியில் ஆள் இல்லாத ஒரு வாங்கில் போய் உட்கார்ந்துகொண்டு, போத்தலில் இருந்த தண்ணீரை மருந்தைக் குடிப்பதுபோல மடக்கு மடக்காகக் குடித்தார்.

அவருக்குப் புரோஸ்டேட்டில் கேன்சர். மூத்திரப் பைக்குக் கீழே ஆம்பிளைகளுக்கு மட்டும் இருக்கிற ஒரு சுரப்பி அது. அப்படி ஒன்று இருப்பதே அதில் நோய் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். முதலில் ஊசிக்கு அடங்கியது. பிறகு, ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே இரத்தத்தில் பார்க்கிற கணக்கு ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஏறியது. அதோடு முதுகு வலியும் வந்தது. கிளினிக் டொக்டர் நேராகவே சொன்னார். எலும்புக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போகவில்லை என்றால் மருந்தை மாற்றிப் பார்க்கலாம். போயிருந்தால்... அந்த இடத்தில் அவர் பக்கத்திலிருந்த சின்ன டொக்டரிடம் திரும்பி இங்கிலீஷில் பேச ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாருக்கும் சிங்களம் தெரியும். கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் அதுதான். அதனால் டொக்டர்மார் சிங்களத்தில் எதைச் சொன்னாலும் நாங்கள் கலங்குவதில்லை. அவர்கள் தங்களுக்குள் இங்கிலீஷுக்கு மாறினால்தான் எதையோ மறைக்கிறார்கள் என்று தெரியும். அன்றைக்கு என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன்.

ஸ்கேன் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது கடைசி சீட்டில் மூலையில் உட்கார்ந்துகொண்டார். நான் முன்னால். அவிசாவளையில் வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் ஏறி, அவர் பக்கம் இடம் இருப்பதைப் பார்த்துப் போனாள். அவர் துள்ளி எழுந்து மிதிபலகைக்குப் போய்விட்டார். மழை அடித்துக்கொண்டிருந்தது.

"சீயா, உள்ளே வாங்க, விழுந்துருவீங்க" என்று கண்டக்டர் கத்தினான். சிங்களத்தில் சீயா என்றால் தாத்தா.

"நான் வெத்திலை போட்டிருக்கேன், துப்பணும்" என்றார் அவர், சிங்களத்தில். வெற்றிலையை விட்டு எத்தனையோ காலம். இரத்தினபுரி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்று வந்தார்.

அவர் அதே மலையில் பிறந்து, அதே மலையில் றப்பர் பால் வெட்டினவர். நான் அப்படியில்லை. கேகாலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கொழும்பில் கார்மெண்ட், குவைத்தில் வீட்டு வேலை, குருவிட்டயில் மாணிக்கக் குழிக்காரர்களுக்குச் சமையல் என்று சுற்றினவள். கல்யாணத்துக்குப் பிறகும் சுற்றினேன். அவர் ஒரு நாளும் போகாதே என்று சொன்னதில்லை. "போய்ட்டு வந்து கதை சொல்லு" என்பார். எனக்கு ஒரு இடத்தில் உட்கார்ந்து காத்திருக்கத் தெரியாது. ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த அந்த மாதத்தில்தான் முதல்முறை பழகினேன்.

வீட்டுக்கு வந்ததும் தன் பாய், போர்வை, பீங்கான், கோப்பை எல்லாவற்றையும் எடுத்து இஸ்தோப்பில் வைத்துக்கொண்டார். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயக் காம்பராவுக்கு முன்னால் இருக்கிற அந்தச் சின்னத் தாழ்வாரத்தை நாங்கள் இஸ்தோப்பு என்போம். ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். சாரல் அடித்தால் கால் நனையும்.

"நாளைக்கு வரைக்குந்தானே சொன்னாங்க" என்றேன்.

"இருக்கட்டும்."

பக்கத்துக் காம்பராக்காரி தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறவள், வாய் ஓயாதவள். சாக்குப் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டே வந்து நின்றாள்.

"என்னாண்ணே, கரண்டு ஏத்திட்டாங்களாமே! ஒங்க தலையில பல்பு வச்சா எரியுமா? எங்க வீட்டுல போன வாரத்துலருந்து லைட்டு இல்ல."

"ஒன் வாயில வயரச் சொருகுனா தோட்டத்துக்கே லைட்டு வரும்" என்றார் அவர்.

அவர் சிரித்துப் பேசியதை அன்றைக்குத்தான் கடைசியாகக் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். பிறகும் பேசியிருக்கிறார். ஆனால் அடுத்த நாள் முடிந்தும் அவர் பாயை உள்ளே எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை.

கொடகவெலயில் கட்டிக் கொடுத்த எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். அப்பனைப் பார்க்க இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு மழையில் ஏறி வந்தாள். அவள் படியில் கால் வைக்கும் முன்பே அவர் கையை உயர்த்திவிட்டார்.

"அங்கயே நில்லு. கானுக்கு அந்தப் பக்கம்."

லயத்துக்கு முன்னால் ஓடுகிற வடிகானுக்கு அந்தப் பக்கம் குடையோடு நின்றாள் பிள்ளை.

"அப்பா, அது மறுநாளே போயிரும்பா. நான் போன்ல பாத்தேன். வேணுன்னா காட்டவா?"

"போன்ல ஆயிரம் இருக்கும். ரிப்போர்ட் வரட்டும்."

"ரிப்போர்ட்டுக்கும் இதுக்கும் என்னாப்பா சம்பந்தம்?"

அவருக்குச் சம்பந்தம் இருந்தது. எங்களுக்குத் தீட்டு என்றால் நாள் கழிந்தால் மட்டும் போகாது. செத்த வீட்டிலும் சரி, பிள்ளை பெற்ற வீட்டிலும் சரி, தலைக்கு ஊற்றி, வீடு கழுவி, மஞ்சத்தண்ணி தெளித்து, யாராவது "சரி, முடிஞ்சுது" என்று சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அது வாசலில் நிற்கும். ஆஸ்பத்திரி மருந்துக்கு மஞ்சத்தண்ணி எது? ரிப்போர்ட்தான் என்று அவராகவே முடிவு பண்ணிவிட்டார். அது கையில் வந்தால்தான் உடம்பு சுத்தம். அதுவரை யாரும் தொடக் கூடாது, மகள் கிட்ட வரக் கூடாது. அவள் வயிற்றில் இருந்ததோ எங்கள் முதல் பேரப்பிள்ளை. நான் சண்டை போட்டுப் பார்த்தேன். "ஒனக்கென்னா தெரியும், அந்த மெசினுக்குள்ள படுத்தது நானு" என்றார்.

மகள் இடியப்பப் பார்சலைக் கான் கட்டில் வைத்துவிட்டு அழாமல் போனாள். வளைவு திரும்பியபின் அழுதிருப்பாள்.

அந்த மாதம் மழை விடவேயில்லை. மழை நாளில் பால் வெட்டு இல்லை, வெட்டினால் சிரட்டையில் பாலுக்குப் பதில் தண்ணீர்தான் நிற்கும். லயத்து ஆம்பிளைகள் எல்லாம் வீட்டிலேயே இருந்தார்கள். அவரைப் பார்க்க வர ஆரம்பித்தார்கள். முதலில் எங்கள் லயம், பிறகு மேல் டிவிசன், பிறகு அடுத்த தோட்டம். பிஸ்கட் பக்கட்டும் செவ்விளநீருமாக வந்து, எட்டி உட்கார்ந்து, மழையைப் பற்றிப் பேசிவிட்டு, எழும்பும்போது அவர் முகத்தைக் கொஞ்சம் அதிகமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். தோட்டத்தில் காய்ச்சல்காரனைப் பார்க்க யாரும் மலை ஏறி வர மாட்டார்கள். கூட்டம் எப்போது வரும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அவருடைய பங்காளி ஒருவர் வாழைப்பழச் சீப்போடு வந்து நின்றபோது, "இவனும் வந்துட்டானா? அப்ப எனக்கு முன்னயே இவனுங்களுக்கு ரிப்போர்ட் வந்துருச்சு போல" என்று என்னிடம் சொன்னார். பிஸ்கட் பக்கட்டுகளை நான் தகரப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். சாப்பிட மனம் வரவில்லை.

இரண்டு தடவை கிளினிக்குக்குப் போன் பண்ணினேன். ஒரு தடவை யாரும் எடுக்கவில்லை. மறு தடவை எடுத்த பெண், "துண்டில் போட்டிருக்கிற திகதிக்கு வாருங்கள்" என்றாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. சரி என்று வைத்துவிட்டேன். எங்கள் ஆட்களுக்குத் திகதி என்றால் திகதிதான். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஒரு நேரம், சம்பளத்துக்கு ஒரு நாள், ஆஸ்பத்திரிக்கு ஒரு திகதி. அதற்கு முன்னால் போய் நின்றால் ஏச்சு விழும் என்று பிறந்ததிலிருந்து உடம்பில் ஊறியிருக்கிறது. நான் நாடு விட்டு நாடு போய் வந்தவள், எனக்கும் அதுதான்.

வீட்டில் இருக்க முடியாதபோது ரோட்டுக்கு இறங்கி, வருகிற பஸ்ஸில் ஏறிப் பெல்மதுளைக்குப் போவேன். சந்தியில் ஒரு கடையில் பிளேன்டீ குடிப்பேன். எங்கே எங்கேயோ போகிற பஸ்களின் பலகைகளை வாசிப்பேன். பிறகு திரும்பி வருவேன். வருகிறபோதெல்லாம் அவர் இஸ்தோப்பில் அதே மாதிரிச் சுவரில் சாய்ந்திருப்பார். முன்பெல்லாம் நான் வளைவில் வரும்போதே எழுந்து நிற்பார். இப்போது எழவில்லை. பீலிக்குக் குளிக்கப் போகும்போது சுவரைத் தடவித் தடவிப் போனார். "என்னாங்க?" என்றால், "உக்காந்தே இருந்தா காலு தூங்காம என்னா செய்யும்?" என்பார். எட்டி நின்று கேட்டால் எட்டி நிற்கிற பதில்தான் வரும்.

கிளினிக் திகதிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் பெல்மதுளையிலிருந்து வந்து குடையைச் சாத்தினேன். இஸ்தோப்பு சீமெந்தில் சிவப்பாக ஒரு கோடு ஓடி, சாரல் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது. வெற்றிலை எச்சில் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு கோடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். அவருடைய இடது கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒரு அட்டை. குடித்துக் குடித்து நாவற்பழம்போல உருண்டிருந்தது. குதிகாலில் இன்னொன்று. மூன்றாவது ஒன்று குடித்து முடித்து விழுந்து பாயோரத்தில் கிடந்தது.

அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அட்டை எங்கள் பக்கத்தில் பெரிய விஷயமில்லை. பால் வெட்டுகிறவர்கள் விடிய முன்னமே காலில் சவுக்காரமும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக்கொண்டுதான் மலை ஏறுவார்கள். ஆனால் அவர் பூசவே மாட்டார். தேவையில்லை அவருக்கு. அட்டை ஏறும்போதே அந்தக் குளிர்ச்சி தெரியும், கடிப்பதற்கு முன்பே மரத்தை விட்டுக் கையை எடுக்காமல் மற்றக் காலால் வழித்து எறிந்துவிடுவார். அதைப் பார்த்துப் புதுப் பொடியன்கள் சிரிப்பார்கள்.

"ஏங்க, கால்ல அட்டை."

"எங்க?"

"கால்லங்க! இந்தா, ரெண்டு இருக்கு, ரெத்தம் ஓடுது, தெரியலயா?"

அவர் குனிந்து பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

நான் உப்பை அள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். "தொடாத, தொடாத" என்று காலை இழுக்கப் பார்த்தார். கால் வரவில்லை. கை இரண்டையும் ஊன்றி இடுப்போடு சேர்த்து நகர்ந்தார், கால் பின்னால் இழுபட்டு வந்தது. ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து நான் அவரைத் தொட்டதேயில்லை. பாதத்தைப் பிடித்தேன். குளிர்ந்து கிடந்தது. நகத்தால் சதையைப் பிடித்து, எவ்வளவு பலம் உண்டோ அவ்வளவும் போட்டுக் கிள்ளினேன்.

"கிள்ளுறேன், தெரியுதா?"

"எந்தக் கால?"

அப்போதுதான், காலையிலிருந்து ஒன்றுக்குப் போகவில்லை, வயிறு கல் மாதிரி இருக்கிறது என்பதையும் சொன்னார். எத்தனை நாளாகக் கால் இப்படி என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறார். "திகதிக்குப் போறப்ப சொல்லலான்னு இருந்தேன்."

நான் போட்ட சத்தத்தில் லயமே கூடிவிட்டது. ரோட்டுக்குப் போகிற வழி இருநூறு படிக்கட்டும் சேறும். அவரைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்துச் சேலையால் கட்டி, நாலு பேர் தூக்கினார்கள். "தொடாதீங்கடா, மருந்து ஏத்தின ஒடம்பு" என்று அவர் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார். பக்கத்துக் காம்பராக்காரி அவர் தலைக்கு மேலே குடையைப் பிடித்துக்கொண்டு, "பேசாம வாண்ணே, இவனுங்க கைய விட்டா நம்ம ரோட்டுக்கு உருண்டுதான் போவணும்" என்றாள். அவள் குரலில் கேலி இல்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். ஒரு ஊசி முனையைப் பாதத்திலிருந்து மேலே மேலே வைத்துக்கொண்டு போனார். தொப்புளுக்குக் கிட்டத்தான் என் வீட்டுக்காரர் "ம்" என்றார். காலைத் தூக்கச் சொன்னார்கள். வலது கால் படுக்கையை விட்டு ஒரு தீப்பெட்டி உயரம் எழும்பியது. இடது கால் அசையவில்லை.

"எத்தனை நாளாக இப்படி? ஏன் வரவில்லை?" என்று டொக்டர் சிங்களத்தில் என்னிடம் கேட்டார்.

"திகதி அடுத்த வாரந்தான், டொக்டர்."

டொக்டர் உடனே எழுந்து போய்ப் ஸ்கேன் எடுத்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினார். ரிப்போர்ட் எப்போதோ வந்து, எங்கள் திகதிக்காக அங்கே காத்திருந்திருக்கிறது. போனைக் கையில் வைத்துக்கொண்டே பக்கத்திலிருந்த டொக்டரிடம் இங்கிலீஷில் பேசினார். நான் இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை. "எனக்கும் சொல்லுங்கள், சிங்களத்தில் சொல்லுங்கள்" என்றேன்.

சொன்னார்கள். முதுகெலும்பில், விலாவில், இடுப்பில். முதுகெலும்பில் ஒரு இடத்தில் அது வளர்ந்து நரம்பை நசுக்குகிறது. காலுக்குப் போகிற நரம்பு, மூத்திரத்துக்குப் போகிற நரம்பு எல்லாம் அந்த வழிதான். இப்போதே ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் கொழும்புப் பக்கம் அனுப்பி, கதிர் பாய்ச்சுகிற கரண்ட் பிடிக்க வேண்டும். வலி குறையும். நடப்பாரா என்பது பற்றி டொக்டர் சொன்னது இவ்வளவுதான். "நடந்துகொண்டே வருகிறவர்கள் நடந்து போவார்கள். படுத்து வருகிறவர்களுக்கு எங்களால் வாக்குக் கொடுக்க முடியாது."

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"டொக்டர், அந்த ஸ்கேன் மருந்து ஒடம்புல இன்னும் இருக்கா? என் மக புள்ளத்தாய்ச்சி."

"அது மறுநாளே போய்விட்டதே, ஐயா" என்றார் டொக்டர். அதில் என்ன பெரிய விஷயம் என்று டொக்டருக்குப் புரியவில்லை.

"மறுநாளேவா?"

"மறுநாளே."

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். "வாம்மா. கிட்ட வா" என்று மட்டும் சொன்னார். அவள் வந்து சேர்வதற்குள் ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது. கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரி வார்ட்டில்தான் வந்து பார்த்தாள். அவள் வயிற்றில் கையை வைக்கலாமா என்று அப்போதும் என்னைப் பார்த்தார். வைத்தார். அவ்வளவு பெரிய கை அது, மரம் மரமாகப் பிடித்துக் காய்த்த கை.

கரண்ட் பிடித்து முடிந்தது. முதுகு வலி குறைந்துவிட்டது, டொக்டர்கள் சொன்னபடியே. மூத்திரத்துக்குக் குழாயும் பையும். லயத்துக்குப் படியேறிப் போக இனி வழியில்லை. அதனால் பெல்மதுளையில் ரோட்டோரமாக, ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடைக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறோம். கதவைத் திறந்தால் பஸ் போகிறது. சுற்றினவள் நான், ஊரை விட்டது அவர். மலையை விட்டு அவர் வேறு இடத்தில் தூங்குவது இதுதான் முதல் தடவை. சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்கிறார். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும், ஆனால் நான் எந்தப் பஸ்ஸிலும் ஏறுவதில்லை.

பேரன் பிறந்துவிட்டான். அவனைக் கொண்டுவந்து கட்டிலில் அவர் பக்கத்தில் போட்டுவிட்டு மகள் கடைக்குப் போவாள். பிள்ளை காலை உதைத்துக்கொண்டே இருப்பான். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

போன வாரம் திரும்பவும் இரத்தம் எடுத்தார்கள். கணக்கு மேலே போயிருந்தால் வேறொரு மருந்து இருக்கிறதாம். அதற்கு மேல் இல்லையாம். இதை டொக்டர் எங்கள் இரண்டு பேருக்கும் சிங்களத்திலேயே சொன்னார். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. இந்த முறை நான் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நாளுக்கொரு தடவை போன் பண்ணுகிறேன். அந்தப் பெண்ணுக்கு என் குரல் பழகிவிட்டது, "இன்னும் இல்லை, அக்கே" என்று நான் கேட்பதற்கு முன்பே சொல்கிறாள்.

இந்த அறைக்கு வந்ததிலிருந்து எங்களுக்குள் காலையில் ஒரு வேலை உண்டு. தேத்தண்ணி கொடுத்ததும் போர்வையை முழங்கால் வரைக்கும் தூக்கச் சொல்வார். பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பல்லைக் கடித்து, "இப்ப பாரு, வெரல அசைக்கிறேன். அசையுதா?" என்பார். வலது கால் விரல் சில நாள் அசையும். சில நாள் அசையாது. நான் எல்லா நாளும் "அசையுது" என்பேன். "நல்லா பாத்தியா?" என்பார். "பாத்தேங்க" என்பேன்.

இன்றைக்குக் காலையில் தேத்தண்ணியை வாங்கிக் குடித்துவிட்டு, கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, ரோட்டைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கேட்கவில்லை. நான் கோப்பையைக் கழுவி வைத்தேன். பிறகு நானாகவே போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மூடிவிட்டேன்.